தண்டிக்கும் சட்டமும் சிகிச்சைக்கு வழிவிடும் சட்டமும்



மாதகல் முதல் பருத்தித்துறை வரையான நமது கரையோரத்தில் கேரளக் கஞ்சா கைப்பற்றப்படும் செய்தி இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. ஹெரோயினும் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளும் நமது ஒழுங்கைகளுக்குள்ளேயே வந்துவிட்டன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தின் முகாம்களில் இளமையைக் கழித்து, மீண்டும் சோனகதெருவில் வீடு கட்டிக் குடியேறிய ஒரு தந்தைக்கு, அவ்வீட்டிலேயே மகன் போதைக்கு அடிமையாவது எத்துணை பெரிய சோதனை! அதனை அவர் மறைக்கின்றார். பொலிஸார் வாசலுக்கு வந்த பின்னரே மஹல்லாவுக்குச் செய்தி எட்டுகின்றது. மறைப்பதற்கு வெட்கம் மட்டுமன்று, சட்டத்தின் மீதான அச்சமும் காரணமாகும்.

அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை உடைமையில் வைத்திருப்பவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்றாயிற்று. 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஐஸையும் இவ்வரிசையில் சேர்த்தது. அதற்கு எல்லை 5 கிராம். விற்பவன் யார், அடிமைப்பட்டவன் யார் என்பதைத் தராசு அறியாது. 1976இற்குப் பின்னர் நமது நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி நான்கு போதைப்பொருள் கைதிகளின் மரண ஆணையில் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. தூக்குமேடைக்கு அஞ்சியிருந்தால் இத்தனை ஆண்டுகளில் வியாபாரம் ஓய்ந்திருக்கும். ஓயவில்லையே! 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாயினர். ஏற்கெனவே நிரம்பி வழிந்த சிறைக்கூடங்களுக்குள் சிறு பாவனையாளனும் தள்ளப்பட்டான். அங்கே அவனுக்கு வாய்ப்பது எத்தகைய தோழமை என்பதைக் கூறவும் வேண்டுமோ?

போதை ஹராம் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆயினும் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் மது அருந்தியமைக்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒரு மனிதரின் செய்தியை ஸஹீஹுல் புகாரியிலே காண்கிறோம். அவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒருவர் அவரைச் சபித்தபோதோ, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் எனக் கூறி நபியவர்கள் தடுத்தார்கள். தண்டனை பெற்றவரைச் சமூகத்தினின்றும் விலக்கிவிடும் உரிமையை நமக்கு யார் தந்தார்கள்?

நேயர்களே, பலரும் அறியாத இன்னொரு சட்டமும் நமது நாட்டில் உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென்றே இயற்றப்பட்டது. அவர் தாமாக முன்வந்தும் சிகிச்சை பெறலாம். நீதவானின் கட்டளைப்படியும் அனுப்பப்படலாம். கட்டாயச் சிகிச்சை குறித்து எனக்குத் தயக்கமுண்டு. கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்ததும், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் அத்தயக்கத்திற்குப் போதிய காரணங்கள். எனவேதான் பொலிஸார் வருமுன்னரே, விரும்பிச் செல்லும் நிலையில் மகனை அழைத்துச் செல்லுங்கள் என்கிறேன்.

இதில் ஒரு பெரும் இடர்ப்பாடு உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நெடுங்காலமாக நடத்திவந்த வதிவிட நிலையங்கள் தலங்கம, பேராதனை, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அமைந்தவை. யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி நாள் முழுவதும் பஸ்ஸில் பயணித்து, சிங்களம் வழங்கும் ஊரிலே மகனை விட்டு வருவதென்பது இலகுவானதா? வடக்கிலே தமிழ்மொழியில் இயங்கும் நிறைவான நிலையம் வேண்டுமெனக் கேட்கும் கடமை பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், கோயில், தேவாலய நிர்வாகங்களுக்கும் பொதுவானது. அதுவரை, வறிய குடும்பங்களின் பயணச் செலவை ஸகாத் நிதியின் ஏழைகளுக்குரிய பங்கிலிருந்து வழங்குவது குறித்து நமது உலமாக்களிடம் கேட்டுப் பெற்று, மஹல்லாத் தலைவர்கள் இம்மாதமே தீர்மானிக்கலாம். சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1927. ஜும்ஆவுக்குப் பின்னர் அதனைப் பள்ளிவாசல் அறிவித்தற்பலகையில் எழுதிவைக்க இரண்டு நிமிடங்கள் போதும்.