ஒப்பந்தமும் சட்டமும்



படைக்கல ஒப்பந்தங்களுக்கும் தேவதானப்பட்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். மஞ்சளாற்றுப் பாசன வயல்களில் நாம் தெளிக்கும் பூச்சிமருந்திலிருந்தே தொடங்குகிறேன். 1936இல் ஜெர்மனியில் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடிய ஆய்விலேதான் தாபுன் என்னும் நரம்பு நஞ்சு பிறந்தது. எனவே அரசுகள் மட்டும் வாக்களித்தால் போதாது. ஆலை முதலாளியும் தனிமனிதனும் அவ்வாக்குக்குக் கட்டுப்பட வேண்டும். அவர்களைக் கட்டுவது உள்நாட்டுச் சட்டமே.

இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் ஜப்பான் 1993லேயே கையொப்பமிட்டது. எனினும் சாரின் நஞ்சைத் தயாரிப்பதே குற்றம் என்னும் சட்டம் அங்கே இல்லை. 1995 மார்ச் 20 அன்று ஒரு கூட்டத்தார் டோக்கியோ சுரங்க ரயிலில் அந்நஞ்சைப் பரப்பி உயிர்களைப் பறித்த பின்னர், அடுத்த மாதமே அச்சட்டம் வந்தது.

நம் நாட்டில் வழி என்ன? அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 253ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பன்னாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றலாம். பொருள் மாநிலப் பட்டியலில் இருப்பினும் தடையில்லை.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் வைத்திருப்போர், வைத்திருக்கக் கூடாதோர் என நாடுகளை இரு சாதியாக்குகிறது. இந்தியா அதில் சேரவில்லை. இரசாயன ஆயுத ஒப்பந்தமோ எல்லோருக்கும் ஒரே விதி. அதை இந்தியா 1996இல் உறுதி செய்தது. சட்டம் 2000இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்ததோ 2005 ஜூலை 1. இத்தாமதம் எனக்கு உவப்பன்று. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என 1950இல் 17ஆம் பிரிவு முழங்கியும், குற்றவாளியைத் தண்டிக்க நாடு தழுவிய சட்டம் 1955இல்தான் வந்தது. அந்த ஐந்தாண்டுகளின் பொருள் நம் முதியோருக்குத் தெரியும்.

இச்சட்டப்படி இரசாயன ஆயுதம் செய்வோருக்கு ஓராண்டுக்குக் குறையாத, ஆயுள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனையும் அது பற்றும். பயிர்த்தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் இரசாயனங்களுக்குத் தடையில்லை. ஆனால் பட்டியலிட்ட பொருள்களைக் குறித்த அளவுக்கு மேல் கையாளும் ஆலை கணக்குக் காட்ட வேண்டும், பன்னாட்டு ஆய்வாளர் வந்தால் கதவு திறக்க வேண்டும். இந்தியா தன்னிடமிருந்த இரசாயன ஆயுதங்களை 2009க்குள் அழித்து முடித்தது. ஆலைகளின் கணக்கோ ஆண்டுதோறும் தொடர்கிறது. வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள் நாளை அத்தகைய ஆலையில் பணியேற்றால், அக்கணக்கை எழுதும் கை அவர்களுடையதாகவும் இருக்கலாம்.