பயத்துக்குக் கணக்கு தெரியாது!

(தலைப்பு: பள்ளியில் நோய் பரவும் காலத்தில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வது பயமே! பொறுப்பே! – ‘பொறுப்பே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் என் அருமை நண்பர்களே! தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ‘யார் ஜெயிப்பாங்க’ என்று வீட்டுக்குள்ளேயே தனிப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். “வகுப்பில ஒரு பையனுக்கு அம்மை போட்டா, நாற்பது அம்மாவும் பிள்ளையை இழுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடுறாங்களே, இது பொறுப்பா? பயந்தானே?” என்றார். பலத்த கைதட்டல் வாங்கினார். நானும் கைதட்டினேன். ஏன் தெரியுமா? அவர் சொன்னது எங்கள் கட்சிக்குத்தான் சாதகம்! (சிரிப்பு)

நடுவர்: ஐயா, பார்த்துப் பேசுங்க. உங்க கட்சிக்காரங்களே உங்களை ஒரு மாதிரியாப் பார்க்கிறாங்க!

சொல்கிறேன் ஐயா. நாற்பது பேரும் ஓடுவது பயம். நோய் வந்த அந்த ஒரு பிள்ளையை நிறுத்துவது பொறுப்பு. பயத்துக்குக் கணக்கு தெரியாது. பொறுப்புக்குக் கணக்கு உண்டு. வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் 949ஆவது குறளில், நோயாளி எப்படிப்பட்டவர், நோய் எவ்வளவு, வேளை எது என்று மூன்றையும் எண்ணிப் பார்த்துத்தான் கற்றவன் மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார். அந்த மூன்று கேள்வியையும் நம் வீட்டு வாசலில் வைத்துப் பார்ப்போம்.

யாரை நிறுத்த வேண்டும்? காய்ச்சலும் கொப்புளமும் வந்த பிள்ளையை. நன்றாக ஓடி விளையாடுகிற பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும். புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளை, எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை என்றால் மட்டும், உடனே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

என்ன நோய்? ஊரில் டெங்கு என்றதும் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார் ஒருவர். கொல்லைப்புறத்தில் பழைய டயர், டயருக்குள் மழைத்தண்ணீர். டெங்கு பக்கத்து பெஞ்சிலிருந்து ஒட்டாது ஐயா, கொசு கடித்தால்தான் வரும். அந்தக் கொசு பகலில் கடிக்கிற கொசு. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாலாவது பிள்ளை பிழைத்திருப்பான்! (சிரிப்பு) இன்னொருவர் மகனுக்கு மெட்ராஸ் ஐ. ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, “யாரையும் பார்க்காதேடா” என்று அனுப்பி வைத்தார். பார்த்தால் ஒட்டுகிற நோயா அது? கையில் ஒட்டும், துண்டில் ஒட்டும். பையனோ ஸ்டைலாக இருக்கிறதென்று ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் கைகுலுக்கிக்கொண்டிருக்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்)

எத்தனை நாள்? சின்னம்மைக்கு, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. பெரும்பாலும் ஒரு வாரம். தட்டம்மைக்குத் தடிப்பு தெரிந்து 4 நாள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தெரிந்து 5 நாள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டால் வீக்கம் வற்றிவிடும் என்று நினைத்து மூன்றாம் நாளே அனுப்பினால், நோய் பத்து வீட்டுக்குப் போகும். சங்கிலியும் சில சமயம் போகும்! (சிரிப்பு)

எதிரணி நண்பர் ஒருவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார். “கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே சின்னம்மை பரவ ஆரம்பித்துவிடுமே, அப்புறம் நிறுத்தி என்ன பயன்?” உண்மைதான். ஆனால் கூரை பற்றிக்கொண்ட பிறகு, ‘இனிமேல் தண்ணி ஊத்தி என்ன பிரயோசனம்’ என்று யாராவது உட்கார்ந்திருப்போமா? ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்குத் தொற்றினால், அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். இன்றைக்கு ஒருவனை நிறுத்தினால், மூன்று வாரம் கழித்து ஐந்து பேர் படுக்காமல் இருப்பார்கள்.

இதை நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. வாசலில் ஒரு கொத்து வேப்பிலை சொருகினார்கள். அது பக்தி மட்டுமா? ஊருக்கு ஓர் அறிவிப்புப் பலகை! ‘இந்த வீட்டில் அம்மை இருக்கிறது, உள்ளே வராதே’ என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதாமல் எழுதிய பலகை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வெளியே வராது. பெரியம்மையை இந்தியாவில் ஒழித்தபோதும் இதே வேலைதான். நோய் கண்ட வீட்டு வாசலில் காவல் போட்டார்கள், சுற்றியிருந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1975க்குப் பிறகு இந்த மண்ணில் பெரியம்மை பரவவில்லை. 1980இல் உலகத்தை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். அந்தக் காவலுக்குப் பெயர் பயமா? (கைதட்டல்)

இப்போது எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். படிப்பு போகுமே என்றார்கள். போகும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. எழுத்தை மறந்த குழந்தைகளைப் பார்த்தோம். அதனால்தான் சொல்கிறேன், எல்லாரையும் நிறுத்தாதீர்கள். ஒருவனைச் சரியான நேரத்தில் நிறுத்தினால், ஊரையே நிறுத்த வேண்டிய நிலை வராமல் காக்கலாம்.

சாப்பாடு போகுமே என்றார்கள். எனக்கு மனம் கனத்தது. 1982இல் சத்துணவும் 2022இல் காலை உணவும் வந்த மாநிலம் இது. பள்ளிக்கூடத்துச் சோற்றை நம்பிப் பிள்ளையை அனுப்பிவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போகிற தாய் இருக்கிறாள். பிள்ளையை ஒரு வாரம் நிறுத்தினால் அவளுக்கு ஒரு வாரக் கூலி போகும். அவள் உடம்பு கொதிக்கிற பிள்ளைக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பி வைத்தால், அவளைப் பொறுப்பில்லாதவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஐயா, பொறுப்பு தாய் தலையில் மட்டும் ஏற்றுகிற சுமையா? ‘தேர்வைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், பிள்ளை தேறட்டும்’ என்று தலைமையாசிரியர் சொன்னால் அது பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து, “நீ வேலைக்குப் போ அக்கா, நான் பார்த்துக்கிறேன், எனக்குச் சின்ன வயசுலேயே அம்மை போட்டிருச்சு” என்றால் அது பொறுப்பு. (கைதட்டல்)

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஆண்டு விழாவில் ‘ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவன்’ என்று கேடயம் கொடுக்கிறோம். அவன் காய்ச்சலோடு வந்த நாளில் யார் யாருக்குக் கொடுத்தான் என்று ஒரு பட்டியல் வாசித்தோமா? (சிரிப்பு)

ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாக்கி தக்கஹாஷி என்று ஒரு மருத்துவர். 1964இல் அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ‘நம்ம பிள்ளைக்குச் சரியாப் போச்சு’ என்று அந்தத் தகப்பன் உட்காரவில்லை. பத்து ஆண்டு உழைத்து 1974இல் உலகத்துக்குச் சின்னம்மைத் தடுப்பூசியைக் கொடுத்தார். தன் பிள்ளையின் கொப்புளத்தில் ஊரான் பிள்ளையின் வலியைப் பார்த்தாரே, அதுதான் பொறுப்பு!

நம்மிடம் யாரும் தடுப்பூசி கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் பிள்ளையோடு வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது ஒரு வாரக் காய்ச்சல். அதே வகுப்பில், சிகிச்சையில் முடி கொட்டித் தொப்பி போட்டுக்கொண்டு வருகிற ஒரு சிறுமிக்கு அது உயிர். பாடம் நடத்துகிற கர்ப்பிணி ஆசிரியைக்கு, அம்மை முன்பே வந்திராதவர் என்றால், இரண்டு உயிர். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார்கள் பெரியவர்கள். ஊட்டக்கூட வேண்டாம் ஐயா, நோயைக் கொடுக்காமல் இருந்தால் போதும்!

ஆகவே, நோய் வந்த பிள்ளையை, நோய்க்கு ஏற்ற நாளை எண்ணி, வீட்டில் நிறுத்துவது பொறுப்பே, பொறுப்பே என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய் நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறேன்.

(பலத்த கைதட்டல்)