உலகத் தீர்மானங்களும் நீலமலை மக்களும்



நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவையில் 15 நாடுகளின் பேராளர்கள் அமர்ந்து கைகளை உயர்த்துகின்றனர். உயர்ந்த கைகள் எண்ணப்படுகின்றன. ஒரு தீர்மானம் பிறக்கிறது. அது ஆறு மொழிகளில் வெளியாகிறது. அவற்றுள் தமிழ் இல்லை. ஆயினும் தொலைவில் எழுதப்பட்ட தீர்மானங்களும் ஒப்பந்தங்களும் நீலமலைச் சரிவுகளை வந்தடைந்துள்ளன. குன்னூரில் கொழுந்தின் விலையாகவும், வெலிங்டனில் படைவீரனின் பயண ஆணையாகவும், கோத்தகிரியிலும் கூடலூரிலும் கப்பலேறி வந்த குடும்பங்களின் வரலாறாகவும் அவை இங்கே வாழ்கின்றன. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் கூடியுள்ள இவ்வவையில் அத்தீர்மானங்களைச் சொல்லின் வழியே ஆராய்வது பொருத்தமாகும்.

தீர்மானத்தின் இலக்கணம்

பாதுகாப்பு அவையின் தீர்மானம் எத்தனை பக்கம் நீண்டாலும் ஒரே வாக்கியமாகவே அமைகிறது. அதன் எழுவாய் 'பாதுகாப்பு அவை' என்பது. அதைத் தொடர்ந்து 'நினைவுகூர்ந்து', 'கவலைகொண்டு', 'கருத்திற்கொண்டு' என எச்சங்கள் அணிவகுக்கும். பின்னர் முற்றுக்கள் எண்ணிட்டு வரும். எச்சங்களை அடுக்கி முற்றினை எதிர்நோக்கிச் செல்லும் நடை தமிழர்க்குப் புதிதன்று.

ஆனால் முற்றுக்கள் அனைத்தும் ஒரே ஆற்றல் உடையன அல்ல. 'வேண்டுகிறது' என்பது ஒன்று. 'வற்புறுத்துகிறது' என்பது மற்றொன்று. 'முடிவு செய்கிறது' என்பது வேறு. சாசனத்தின் 25ஆம் விதிப்படி அவை எடுக்கும் முடிவுகளுக்கு உறுப்பு நாடுகள் கட்டுப்பட்டாக வேண்டும். எனவே ஒரு வினைச்சொல்லை மாற்றுவதற்காகப் பேராளர்கள் நாள் கணக்கில் வாதிடுவதுண்டு.

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகையாக்கினார். தீர்மானங்களில் இம்மூன்றும் உள்ளன. 1990 நவம்பர் 29இல் நிறைவேறிய 678ஆம் எண் தீர்மானத்தில் 'போர்' என்னும் சொல்லால் அனுமதி வழங்கப்படவில்லை; 'தேவையான எல்லா வழிகளையும்' பயன்படுத்தலாம் என்றே கூறப்பட்டது. 1991 சனவரியில் குண்டுகள் விழுந்தபோதுதான் அம்மங்கல வழக்கின் பொருள் உலகிற்கு விளங்கியது.

முற்றுகை

ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றியிருந்தான். உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருந்தான். அப்போது கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 44ஆம் பாட்டு. மதிலின் வலிமையை அவர் பாடவில்லை. பாலின்றி அழும் குழந்தைகளைச் சுட்டினார். அறம் உடையவனாயின் கதவைத் திறக்க வேண்டும், மறம் உடையவனாயின் வெளிவந்து பொர வேண்டும், இரண்டுமின்றி அடைத்திருத்தல் நாணத்தக்கது என்பது அவர் உள்ளிருந்த மன்னனுக்கு உரைத்த கருத்து. 45ஆம் பாட்டிலோ இருவரையும் நோக்கிப் பேசினார். யார் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்றார்.

சாசனத்தின் 41ஆம் விதி கூறும் பொருளாதாரத் தடை, மதிலும் அகழியும் இல்லாத முற்றுகை எனலாம். குவைத்தை ஈராக் கைப்பற்றிய நான்காம் நாள், 1990 ஆகஸ்டு 6இல், 661ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. 13 நாடுகள் ஆதரித்தன. கியூபாவும் ஏமனும் வாக்களிக்கவில்லை. மருந்துக்கு விலக்கு இருந்தது. உணவுக்கோ மனிதநேயச் சூழல்களில் மட்டுமே விலக்கு. குவைத் விடுதலை பெற்ற பின்னரும் தடை தொடர்ந்தது. பாலின்றி அழும் குழந்தைகள் மீண்டும் தோன்றினர். எண்ணெயை ஓரளவு விற்று உணவு வாங்க 1991இலேயே அவை வழி கூறியது. ஈராக்கிய அரசு அதை ஏற்கவில்லை. வெளியே முற்றியவர்களும் உள்ளே அடைத்திருந்தவரும் ஒருவரை ஒருவர் குறை கூறினர். பாக்தாதில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளை ஒருங்கிணைத்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000இலும், மக்கள் படும் துயரைப் பொறாது பதவி விலகினர்.

இம்முற்றுகைக்கும் குன்னூருக்கும் தொடர்பு உண்டு. 1995இன் 986ஆம் எண் தீர்மானத்தால் 'எண்ணெய்க்கு உணவு' என்னும் திட்டம் உருவாகி 1996 இறுதியில் செயற்பட்டது. ஈராக்கிய மக்களுக்கு வழங்கப்பட்ட பங்கீட்டுப் பொருள்களுள் தேயிலையும் ஒன்று. தென்னிந்தியத் தேயிலை அங்குச் சென்றது. சோவியத் ஒன்றியம் 1991இல் சிதைந்தபின் பழைய சந்தை நிலைகுலைந்திருந்த காலம் அது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்து நீலமலையின் சிறு விவசாயிகள் அல்லலுற்றபோது, ஈராக்கியக் கொள்முதல் தென்னிந்திய வணிகத்திற்கு ஓர் ஊன்றுகோலாயிற்று. 2003 மார்ச்சில் போர் மூண்டதும் அவ்வூன்றுகோலும் நழுவியது.

இதில் ஒரு முரண் உள்ளது. தடையின் கொடுமையைத் தணிக்க எழுந்த திட்டம் இங்குள்ள சிறு விவசாயிக்குச் சிறிது துணை செய்தது. தடை நீங்கும் வேளையில் அத்துணை அகன்றது. ஒரு நாட்டின் துயரமும் இன்னொரு மலையின் விலையும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன. பாக்தாதில் தேநீர் அருந்தியவரும் கேத்தியில் கொழுந்து பறித்தவரும் ஒருவரை ஒருவர் அறியார்.

அமைதி காத்தல்

'அமைதி காத்தல்' என்னும் தொடர் ஐ.நா. சாசனத்தில் இல்லை. ஆறாம் இயல் உடன்பாட்டு வழிகளைக் கூறும். ஏழாம் இயல் வலிந்து செயற்படும் வழிகளைக் கூறும். அமைதிப்படை இரண்டிற்கும் இடைப்பட்டது. அதனால் பொதுச் செயலர் ஹாமர்ஷீல்டு அதனை ஆறரையாம் இயல் என்று குறித்தார். சட்டத்தில் இடம்பெறாத அத்தொடரின்பேரில் இந்தியாவிலிருந்து 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பல நாடுகளுக்குச் சென்று பணியாற்றியுள்ளனர். 160க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர்.

அவ்வரலாற்றில் நீலமலைக்கும் பங்குண்டு. முப்படை அதிகாரிகள் பயிலும் பணியாளர் கல்லூரி 1947 முதல் வெலிங்டனில் உள்ளது. மதராஸ் ரெஜிமெண்டின் மையமும் அங்கேதான். இளமையில் குன்னூரில் பயின்ற குடகு நாட்டவர் ஜெனரல் திம்மையா. கொரியப் போர் 1953இல் ஓய்ந்தபின், தாயகம் திரும்ப விரும்பாத 22,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இந்தியக் காவற்படையின் பொறுப்பில் விடப்பட்டனர். அதற்கென அமைந்த நடுநிலை நாடுகளின் தாயகம் திருப்பும் ஆணையத்திற்கு அவரே தலைவர். எவரையும் வலிந்து திருப்பி அனுப்பலாகாது, அவரவர் விருப்பம் கேட்கப்பட வேண்டும் என்பதே ஆணையத்தின் அடிப்படை. பின்னர் சைப்ரசில் ஐ.நா. அமைதிப்படையின் தளபதியாகப் பணியாற்றுகையில், 1965 டிசம்பர் 18இல் அவர் அத்தீவிலேயே காலமானார்.

மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் 'வீர மதராஸி, அடி கொல்லு' என்பது. அடித்துக் கொல்லப் பயின்றவன் அடிக்காது நிற்கவும் பயில வேண்டும் என்பதே அமைதிப் பணியின் அருமை. அந்த அருமை கைகூடாத வரலாறும் உண்டு. 1987 சூலை 29இல் கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்பாட்டின்படி இந்திய அமைதி காக்கும் படை ஈழத்தில் இறங்கியது. அதற்குப் பாதுகாப்பு அவையின் தீர்மானம் எதுவும் இல்லை. பெயர் மட்டுமே ஐ.நா. வழக்கிலிருந்து வந்தது. அக்டோபரில் அப்படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அம்மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டனர். நவம்பர் 25இல் மேஜர் பரமேஸ்வரன் களத்தில் வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். 1990 மார்ச்சு 24இல் படை முற்றிலும் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டிருந்தனர். அப்படையில் மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்களும் இருந்தனர். தமிழ் பேசும் வீரன், தமிழ் பேசும் ஊரில், தமிழிலேயே அழும் தாயின் முன் நின்றான். 'அமைதி' என்னும் சொல் அன்று பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

வரையறை பெறாத சொல்

2001 செப்டம்பர் 28இல் நிறைவேறிய 1373ஆம் எண் தீர்மானம், பயங்கரவாதத்திற்கு நிதி சேர்வதைத் தடுக்கவும் பயங்கரவாதிகளுக்குப் புகலிடம் மறுக்கவும் எல்லா நாடுகளையும் பணித்தது. அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் அமைந்தது. ஆனால் பயங்கரவாதம் எது என்று அத்தீர்மானம் வரையறுக்கவில்லை. முழுமையான உடன்படிக்கை ஒன்றை இந்தியா 1996இலேயே முன்மொழிந்தது. விடுதலைப் போராட்டத்தையும் அரசுப் படைகளின் செயல்களையும் எங்கே நிறுத்துவது என்னும் வழக்கினால் அது இன்றுவரை நிறைவேறவில்லை.

தமிழில் 'தீவிரவாதம்' என்றும் 'பயங்கரவாதம்' என்றும் இரு சொற்கள் உலவுகின்றன. செய்தித்தாள்கள் அவற்றை மாற்றி மாற்றி ஆள்கின்றன. கொள்கையில் முனைப்பு வேறு. குற்றமற்றோரை அஞ்சவைக்கும் கொலை வேறு. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தியுடன் வேறு பலரும் மாண்டதை எந்தச் சொல்லாலும் மென்மையாக்க இயலாது. அதேபோல், அச்சொல்லின் நிழல் குற்றமற்ற ஏதிலியின்மேல் விழுவதையும் நியாயம் என்று கூற இயலாது.

இவ்விரு நியாயங்களின் மோதலை அண்மைக் காலத்திலும் காணலாம். தடைகளால் மனிதநேய உதவி நின்றுவிடலாகாது என்று 2022 டிசம்பர் 9இல் 2664ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. 14 நாடுகள் ஆதரித்தன. அம்மாதம் அவைக்குத் தலைமை வகித்த இந்தியா மட்டும் வாக்களிக்கவில்லை. அவ்விலக்கைப் பயங்கரவாதக் குழுக்கள் தவறாகப் பயன்படுத்தும் என்பது இந்தியா கூறிய காரணம். குழந்தைக்குப் பால் போக வேண்டும். அவ்வழியே கொலைகாரனுக்குப் பொருள் போகலாகாது. இரண்டும் உண்மை. கோவூர் கிழார் இன்றிருப்பின் இரு பக்கமும் பேச வேண்டியிருக்கும்.

கையொப்பமும் கப்பலும்

நீலமலையை மிக ஆழமாகத் தொட்ட ஏடு பாதுகாப்பு அவையினது அன்று, இரு நாடுகளினது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு முடிவுக்கு என்று வகுக்கப்பட்டது. அவ்வெஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் பப்பாதியாகப் பகிர்ந்தன. எண் முன்னர் வகுக்கப்பட்டது. விண்ணப்பம் பின்னர்ப் பெறப்பட்டது.

வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். காணாத ஊருக்குத் திரும்புவது எவ்வாறு? தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய முதியவளுக்கு, தாயகம் என்பது பெற்றோரைப் புதைத்த தேயிலை மலையாக இருந்தது. கொரியாவின் கைதியிடம் விருப்பம் கேட்பதே அறம் என்று கொண்ட உலகம், தேயிலைத் தொழிலாளியை எண்ணாகவே கண்டது. இரண்டு இடத்திலும் ஆளப்பட்ட சொல் ஒன்றே. அறம் ஒன்றாக இல்லை.

அவர்களுக்கு வாழ்வளிக்க 1968இல் தமிழக அரசு நீலமலையில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அவர்கள் கையால் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையை 2003ஆம் ஆண்டின் சட்டம் தீர்த்தது. இங்கோ, நட்டத்தில் வீழ்ந்த அந்நிறுவனத்தின் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க 2022இல் அரசு முடிவு செய்தது. பணி ஓய்வு பெற்றோர் தம் குடியிருப்பு என்னாகுமோ என்று கலங்கினர். ஒருமுறை 'திரும்பி' வந்தவர்களுக்கு, மீண்டும் எங்கே திரும்புவது என்ற கேள்வி எழுந்தது.

வெலிங்டனிலிருந்து கோத்தகிரி தொலைவில் இல்லை. ஒரு தீவுக்கு அமைதி காக்கச் சென்ற வீரனும், அதே தீவிலிருந்து எண்ணாக அனுப்பப்பட்ட தொழிலாளியும் ஒரே மலையின் பனியில் வாழ்கின்றனர். இருவரையும் அனுப்பிய தாள்களில் இருவர் கையொப்பமும் இல்லை.

புலவர் பணி

தீர்மானங்கள் வேண்டாம் என்பது இவ்வுரையின் கருத்தன்று. அவை இல்லாத உலகில் வல்லவன் வகுத்ததே வாய்க்காலாகும். எனினும் தீர்மானம் எண்களாலும் பொதுச்சொற்களாலும் பேசுகிறது. அவ்வெண்ணுக்குள் இருக்கும் முகத்தைக் காட்டுவது இலக்கியத்தின் கடன். 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாட்டில் பாரதி பிஜித் தீவின் பெண்களுக்காக அழுதார். 'துன்பக்கேணி'யில் புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார். மலையகத்துச் சி.வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துக் காத்தார். நீலமலைக்கு வந்து சேர்ந்தோரின் பாடல்களை இம்மலைச் சாரலிலேயே தொகுப்பார் இன்னும் பலர் வேண்டும். கப்பலேறிய நினைவுடைய தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது.

பத்தாண்டுகளைக் கடந்துள்ள இவ்வட்டத்தின் கவிஞர்கள் அப்பணியை மேற்கொள்ளலாம். 'அமைதி', 'தடை', 'தாயகம்' என்னும் சொற்கள் அவர்கள் கவிதையில் வரும்போது, அச்சொற்களால் வாழ்ந்தவர் யார், வருந்தியவர் யார் என்று ஒருமுறை எண்ணி எழுதுவார்களாக. மன்னர் இருவரிடையே சென்ற கோவூர் கிழாரிடம் படை இல்லை, சொல் இருந்தது. அவருடைய சொல், அழுத குழந்தையின் பக்கம் நின்று பேசியது.