கப்பலில் வந்த பைக்குக்கு நம்பர் பிளேட் கிடைக்குமா?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குறது பத்தி நாம பேசின எபிசோடுக்கு அப்புறம், இன்பாக்ஸில் ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகிட்டே இருக்கு. அதில் மூணை மட்டும் படிக்கிறேன்.

"ப்ரோ, ஜப்பான் ஏல சைட்ல ஹோண்டா சிபி400 பார்த்தேன். நம்ம ஊர்ல ஒரு புது 350 சிசி பைக் விலைதான். கப்பல்ல கொண்டு வரலாமா?"

"எங்க அண்ணன் துபாய்ல நின்ஜா வெச்சிருக்காரு. வேலையை முடிச்சுட்டு ஊருக்கே திரும்பி வர்றாரு. பைக்கையும் கையோட எடுத்துட்டு வர முடியுமா?"

"ஒருத்தர் இறக்குமதி ஆன 600 சிசி பைக்கைப் பாதி விலைக்குத் தர்றாரு. வேற ஸ்டேட் நம்பர். வாங்கலாமா?"

மூணு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கு. அதை வரிசையாப் பார்க்கலாம். மூணாவது கேள்வியைக் கடைசிக்கு வெச்சிருக்கேன். ஏன்னா நம்ம வயசுப் பசங்க நிஜமா பணத்தை விடுற இடம் அதுதான்.

மூணு கதவு

வெளிநாட்டு பைக் ஒண்ணு இந்தியச் சாலையில் சட்டப்படி ஓடணும்னா மூணு கதவைத் தாண்டணும். முதல் கதவு சுங்கத்துறை. இரண்டாவது, இந்த வண்டி நம்ம நாட்டு விதிகளுக்குப் பொருந்துதான்னு பார்க்கிற ஹோமோலோகேஷன், அதாவது தர ஒப்புதல். மூணாவது ஆர்டிஓ.

இதில் முக்கியமான விஷயம், மூணும் வேற வேற கைகளில் இருக்கு. சுங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ் வருது. எந்த வண்டியை இறக்கலாம்ங்கிற இறக்குமதிக் கொள்கை வர்த்தக அமைச்சகத்துடையது. தர விதிகள் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துடையது. ஆர்டிஓ மாநில அரசுடையது. ஒரு கதவில் சரின்னு சொன்னா அடுத்த கதவு தானா திறக்காது. நான் மென்பொருள் ஆள், என் பாஷையில் சொன்னா இவையெல்லாம் தனித்தனி டேட்டாபேஸ். எல்லாத்தையும் இணைக்கிற ஒரே சாவி அந்த பைக்கின் சேஸிஸ் நம்பர். இதை மனசுல வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

முதல் கதவு: வரி

ஒரு கணக்குப் போடலாம். முழுசா ஒட்டிச் சேர்த்து வர்ற ஒரு புது பைக், 1600 சிசிக்குள். கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து துறைமுகத்தில் அதன் மதிப்பு 10 லட்சம் ரூபாய்னு வெச்சுக்குவோம். 2025 பட்ஜெட்டில் இந்த வகைக்கான அடிப்படைச் சுங்க வரியை 50 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைச்சாங்க. ஆக, 14 லட்சம். அதற்கு மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இது 10 லட்சத்துக்கு இல்ல, வரி சேர்ந்த 14 லட்சத்துக்குப் போடுறது. இப்போ 19 லட்சத்து 60 ஆயிரம். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள டூவீலருக்குச் சாலை வரி 12 சதவீதம். சின்னச் சின்னக் கட்டணங்களை விட்டுட்டாலும் கிட்டத்தட்ட 22 லட்சம் வந்துடுது. வண்டியின் விலையைவிட வரி அதிகம். இது புது பைக்குக்கான கணக்கு, பழைய பைக்குக்கான விகிதம் தனி. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இது மாறும், அதனால் வாங்கும்போது அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கங்க.

அப்போ ட்ரயம்ஃப், கவாசகி எல்லாம் எப்படி இங்கே விக்கிறாங்க? பல மாடல்களைப் பாகங்களாகக் கொண்டு வந்து இங்கேயே சேர்க்கிறாங்க. எஞ்சின், கியர்பாக்ஸ் உட்பட எதுவுமே முன்கூட்டி ஒட்டப்படாத முழு கிட்டுக்கு, சிகேடின்னு பேர், அடிப்படை வரி வெறும் 10 சதவீதம். இங்கே வேலை நடக்கட்டும்ங்கிறதுக்காக அரசு வெச்ச இடைவெளி அது.

உடனே ஒரு நண்பர் கேட்டார், "நாமளும் பைக்கைக் கழட்டி நாலு பெட்டியில் போட்டு ஸ்பேர் பார்ட்ஸ்னு அனுப்பினா?" இந்த யோசனை சுங்கத்துக்குப் புதுசு இல்ல. பொருள்களை வகைப்படுத்துற பொது விதிகளில் 2(அ) இதைத்தான் பேசுது. கழட்டி வந்தாலும், ஒரு பொருளின் அடிப்படைத் தன்மை அதில் இருந்தா, அதை முழுப் பொருளாகவே எடுத்துக்கணும். நாலு பெட்டியில் வந்த பைக்கும் சுங்கத்துக்கு பைக்தான். அதைப் பார்ட்ஸ்னு எழுதிக் கொடுத்தா அது தவறான அறிவிப்பு. சிகேடி சலுகை வேணும்னா அதைச் சிகேடின்னு சொல்லியே கேட்கணும்.

துபாய் அண்ணனுக்கும் பதில் இங்கேதான் ஆரம்பிக்குது. டிவியைப் போல, துணியைப் போல பைக்கை லக்கேஜ் கணக்கில் கொண்டு வர முடியாது. 1962 சுங்கச் சட்டத்தில் பயணிகள் உடைமைக்கான விளக்கத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராதுன்னு எழுதியிருக்கு. 2 வருஷம் வெளிநாட்டில் இருந்துட்டு நிரந்தரமாத் திரும்புறவங்களுக்கு வாகனம் கொண்டுவரத் தனி ஏற்பாடு உண்டு, நிபந்தனைகளோட. ஆனா அது அனுமதி மட்டும்தான், வரியை முழுசாக் கட்டணும்.

இரண்டாவது கதவு: சேலை கார்டு முதல் ஹெட்லைட் வரை

இனி சிபி400. பயன்படுத்தின வண்டியை இறக்கணும்னா, அது உற்பத்தியாகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வந்து இறங்கின பிறகு குறைந்தது 5 வருஷம் ஓடத் தகுதியா இருக்கணும். இறக்குமதி மும்பை துறைமுகம் வழியா மட்டும்தான், சென்னையில் இறக்க முடியாது. சிபி400 சூப்பர் ஃபோரின் உற்பத்தியை ஹோண்டா 2022-லேயே நிறுத்திட்டாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஏல சைட்ல நீங்க பார்க்கிற வண்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் வயசிலேயே வெளியே போயிடுச்சு.

வயசு தாண்டாத பைக்கா இருந்தாலும் சோதனை இருக்கு. ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்டணும். ஹெட்லைட் வெளிச்சம் இடதுபக்கம் ஓட்டுற நாட்டுக்கு ஏற்ற மாதிரி விழணும். துபாய் வலதுபக்கம் ஓட்டுற ஊர். அங்கத்திய லைட் இங்கே எதிரே வர்றவர் கண்ணில் அடிக்கலாம். பிஎஸ்6 மாசு விதி, 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், இதெல்லாம் உண்டு. அப்புறம் எனக்குப் பிடிச்ச விதி, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது. பின்னால் உட்கார்றவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாம மறைக்கிற தடுப்பு. நாம சேலை கார்டுன்னு சொல்றது. இத்தாலியில் வடிவமைச்ச சூப்பர்பைக்கும் இங்கே வந்தா சேலை கார்டு மாட்டிக்கிட்டுத்தான் ஷோரூம்ல நிக்குது. சிரிப்பா இருக்கும். ஆனா துணி சக்கரத்தில் சிக்கி விழுந்தவங்க ஒவ்வொரு ஊரிலும் இருக்காங்க, அந்த விதிக்கு அர்த்தம் இருக்கு.

இந்தச் சோதனைகளை புனேயில் இருக்கிற ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் செய்யுது. 2018-இல் ஒரு தளர்வு வந்தது. வெளிநாட்டில் உரிய தரச்சான்று பெற்ற மாடல்களை, ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை, இங்கே மறுபடி முழுச் சோதனை இல்லாம இறக்கலாம். ஆனா அது தயாரிப்பு நிறுவனத்துக்கோ அதன் பிரதிநிதிக்கோ. தனி ஆளுக்கு இல்ல.

இந்தக் கதவு எப்பவும் தொழில்நுட்பத்தால் மட்டும் திறக்கிறது இல்ல. 2007-இல் அமெரிக்கா நம்ம மாம்பழத்துக்குச் சந்தையைத் திறந்தது. இந்தப் பக்கம் 800 சிசிக்கு மேற்பட்ட பெரிய பைக்குகளுக்கு மாசு விதியில் வழி விட்டாங்க, ஹார்லி வர்றதுக்காக. மாம்பழத்துக்கு மோட்டார்சைக்கிள்!

விதி நமக்கு மட்டும்னும் நினைக்காதீங்க. ஓசூரில் டிவிஎஸ் தயாரிச்ச பிஎம்டபிள்யூ ஜி310, ஐரோப்பாவுக்குப் போனப்போ அந்த ஊர் விதிகளுக்கு ஏற்ற மாதிரிதான் போச்சு. அமெரிக்கால, அவங்க பாதுகாப்பு விதிப்படி செய்யாத வண்டியைத் தனி ஆள் சிக்கல் இல்லாம இறக்கணும்னா 25 வருஷப் பழசா இருக்கணும். அங்கே பழசுதான் உள்ளே வரும், இங்கே பழசுதான் வெளியே நிக்கும்.

மூணாவது கதவு: ஆர்டிஓ

பதிவு இல்லாம வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்லுது. இறக்குமதி வண்டியைப் பதிவு பண்ண, வழக்கமான படிவங்களோடு சுங்கத்துறை விடுவித்த சான்றும் வேணும். நடைமுறையில் இதற்கு அடிப்படை 'பில் ஆஃப் என்ட்ரி'. இந்த வண்டி, இந்தத் துறைமுகத்தில், இந்தத் தேதியில், இவ்வளவு வரி கட்டி உள்ளே வந்ததுன்னு சொல்ற காகிதம். வண்டியின் பிறப்புச் சான்றிதழ்னே வெச்சுக்கங்க.

இங்கேதான் அந்தச் சாவி, சேஸிஸ் நம்பர். ஃபிரேமில் அடிச்சிருக்கிற நம்பரும், பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கிற நம்பரும், ஆர்சியில் இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தை பைக்குகளில் நாம பழகின 17 இலக்க எண் இருக்காது. என்சி42-ன்னு மாடல் குறியீட்டில் ஆரம்பிக்கிற சின்ன ஃபிரேம் நம்பர்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பைக், ஆர்சியில் மட்டும் 17 இலக்கத்தோட உங்க முன்னாடி நின்னா, அந்த எண் எங்கிருந்து வந்ததுன்னு கேட்கணும்.

பாதி விலை பைக்

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், ஊர் பேர் வேண்டாம், ஒரு 600 சிசி பைக்கை நாலரை லட்சத்துக்கு வாங்கினார். பர்சனல் லோன் போட்டு. வேற மாநிலப் பதிவு, ஆர்சி இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, என்ஓசியும் வந்துடுச்சு. பேர் மாத்த ஆர்டிஓவுக்குப் போனார். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்ச்சு எடுத்த அச்சைப் பார்த்துட்டு ஆய்வாளர் கேட்ட முதல் கேள்வி, "பில் ஆஃப் என்ட்ரி எங்கே?" வித்தவருக்கு போன் போட்டா சுவிட்ச் ஆஃப். ரெண்டு வருஷமா அந்த பைக் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல கவர் போட்டு நிக்குது. இஎம்ஐ மட்டும் மாசாமாசம் போகுது. கவரைக் கழட்டுறதே இல்லைன்னு அவங்க அம்மா சொன்னாங்க.

சந்தையில் நடக்கிறது ஏறக்குறைய இதுதான். பார்ட்ஸ்னு சொல்லி வந்து இங்கே ஒட்டின வண்டிக்கு, விபத்தில் நொறுங்கின இன்னொரு பைக்கின் ஆர்சியைப் போர்த்துறாங்க. ஆர்சி நிஜம், பைக்கும் நிஜம், ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம் இல்ல. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை 'நும்கோர்'னு ஒரு சோதனை நடத்தினாங்க. பூட்டான் மொழியில் வாகனம்னு அர்த்தம். பூட்டான் வழியா முறையில்லாம வந்ததாச் சந்தேகப்பட்ட சொகுசுக் கார்களைத் தேடி, அப்போ அதை வெச்சிருந்தவங்க வாசலுக்குத்தான் அதிகாரிகள் போனாங்க.

சட்டம் என்ன சொல்லுது? சுங்கச் சட்டத்தின் 110-ஆவது பிரிவில் பறிமுதல் செய்யலாம். "எனக்குத் தெரியாது சார்" என்பது வண்டியை அன்னைக்கு விடுவிக்காது. 2002-இல் இறக்கின ஒரு போர்ஷே கார் விஷயத்தில், பின்னாளில் அதை வாங்கினவர் இறக்குமதியாளர் இல்ல, அவர்கிட்ட சுங்க வரி கேட்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. நல்ல தீர்ப்பு. வந்த வருஷம் 2024. அவ்வளவு காலம் வழக்கு நடத்த நம்மால முடியுமா?

இன்னொண்ணும் இருக்கு. வேற வண்டியின் பேரில் எடுத்த இன்சூரன்ஸோட ஓட்டி, ரோட்டில் ஒருத்தர் மேல மோதிட்டா, காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். அப்போ நஷ்டம் உங்களோட முடியாது. அடிபட்டவர் குடும்பமும் இழப்பீட்டுக்கு அலையணும்.

அதனால, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி நாலு வேலை பண்ணுங்க. ஒண்ணு, பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்க. "தொலைஞ்சு போச்சு"ன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ரெண்டு, அதில் இருக்கிற எண், தேதி, துறைமுகத்தை வெச்சு சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் நிலையைப் பாருங்க. மூணு, டார்ச் அடிச்சு ஃபிரேமில் இருக்கிற சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீங்களே படிச்சு, எம்பரிவாஹன் ஆப், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாத்தோடும் ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. நாலு, பேர் மாற்றம் முடிஞ்ச பிறகுதான் முழுப் பணம்னு எழுதி வாங்குங்க. இதுக்கு ஒத்துக்காதவர்கிட்ட வாங்க வேண்டாம்.

துபாய் அண்ணனுக்கு ஒரு நல்ல செய்தியோட முடிக்கிறேன். வண்டியை இங்கேயே வெச்சுக்க வேண்டாம், ஒரு ரைடு வந்துட்டுத் திரும்பினா போதும்னா, கார்னே எனும் பயண ஆவணம் இருக்கு. உத்தரவாதத் தொகை கட்டி அதை வாங்கிட்டா, சுங்க வரி இல்லாம, அந்த ஊர் நம்பர் பிளேட்டோடயே 6 மாசம் வரை இங்கே ஓட்டலாம். சொன்ன தேதிக்குள் வெளியே எடுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான். அண்ணன் ஊருக்கே திரும்புறார்னா, பைக்கை அங்கேயே வித்துட்டு இங்கே ஒண்ணு வாங்குறதுதான் கணக்குக்குச் சரியா வரும்.

உங்க கேள்விகளை அனுப்புங்க. பேஸ்மென்ட்ல கவர் போட்டு நிக்கிற பைக் உங்ககிட்டயும் இருந்தா, அந்தக் கதையையும் எழுதுங்க. பேர் சொல்லாம இங்கே படிக்கிறேன், அடுத்து வாங்கப் போறவருக்கு உதவும். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.