ஆசிரியர் அறையின் அமைதி

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழராகிய நாம், சென்ற இடங்களிற் கோயிலும் சங்கமும் கண்டதோடு நில்லாது பள்ளிகளும் அமைத்தோம். மும்பை மாட்டுங்காவில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமும் இதற்குச் சான்றாகும். பள்ளிக்குக் கட்டடம் எழுப்புதல் அரிது. நல்லாசிரியரை நிலைக்கச் செய்தல் அதனினும் அரிது. தமிழாசிரியர் ஒருவர் மனம் நொந்து ஊர் திரும்புவாராயின், நெடுந்தொலைவிலிருந்து மற்றொருவர் வந்து சேரும்வரை நம் குழந்தைகளின் தமிழ்ப்பாடம் நின்றுபோகும்.

ஆசிரியர் மனம் நோவதற்கு ஊதியக் குறைவும் வேலைப் பளுவும் காரணமாகலாம். ஆயினும், பள்ளியில் எழும் பூசல்களைத் தலைமையாசிரியர் எவ்வாறு தீர்க்கிறார் என்பதும் அவற்றுக்குக் குறையாத காரணமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தமிழ் வகுப்பு நாள்தோறும் கடைசிப் பாடவேளையில் வருகிறது. பிள்ளைகள் சோர்ந்திருக்கிறார்கள் என்று தமிழாசிரியர் முறையிடுகிறார். காலை நேரத்தை விட்டுத்தர இயலாது என்கிறார் அறிவியல் ஆசிரியர். தலைமையாசிரியர், "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடலாம். முதலில் வந்தவர் சொல்லை மட்டும் கேட்டு முடிவு கூறலாம். மாணவர் காதுபட ஒருவரைக் கடிந்துகொள்ளலாம். இம்மூன்றில் எது நிகழினும் வகுப்பு நின்றுவிடாது. ஆனால் அவ்வாசிரியர் அன்றுமுதல் கடமைக்கு மட்டுமே உழைப்பார். பின்தங்கிய மாணவனுக்காக மாலையில் தங்கமாட்டார். ஆண்டுவிழா நாடகம் பயிற்ற முன்வரமாட்டார். இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அமெரிக்க அறிஞர் மேரி பார்க்கர் ஃபாலட் என்னும் அம்மையார் 1925-இல் பூசலைப் பற்றி ஆற்றிய உரை இங்கு நினைக்கத்தக்கது. ஒருவர் மற்றவரை அடக்குதல், இருவரும் சிறிது விட்டுக்கொடுத்தல், இருவர் தேவையும் நிறைவேறப் புதுவழி காணுதல் என மூவகைத் தீர்வுகளை அவர் கூறினார். நூலகத்தில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். அம்மையாரோ மூட விரும்பினார். அடுத்த அறையின் சன்னலைத் திறந்தனர். ஒருவருக்குக் காற்றுக் கிடைத்தது. மற்றவர் மீது வாடை வீசவில்லை.

நம் எடுத்துக்காட்டிலும் இவ்வழி பயன்படும். இருவரையும் அழைத்து, கேட்பது எது என்பதோடு, எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையும் தலைமையாசிரியர் வினவ வேண்டும். அறிவியலாசிரியருக்குத் தேவை காலை நேரம் அன்று; செய்முறைக்கு இடைவிடாத இரு பாடவேளைகளே என்பது தெரியவரலாம். கைவேலை மிக்க செய்முறையைப் பிற்பகலில் வைத்தால், தமிழுக்குக் காலை கிடைத்துவிடும்.

எல்லாப் பூசலும் இவ்வாறு தீர்வதில்லை என்பதை ஃபாலட் அம்மையாரே ஒப்புக்கொண்டார். ஒருவருக்குப் பாதகமாக முடிவு செய்தே தீரவேண்டிய நேரமும் உண்டு. அப்போது அவரைத் தனியே அழைத்து, காரணத்தை விளக்கிக் கூறுதல் தலைமையாசிரியரின் கடமை. கேட்டது கிடைக்காமையை ஆசிரியர் பொறுத்துக்கொள்வர். தம் சொல் செவியேறாமையை அவர் எளிதில் மறவார். ஆசிரியர் குறைகள் உரிய முறையில் தீர்க்கப்பட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் கூறுகிறது.

பெற்றோராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராய் இருத்தல் வேண்டுமென அச்சட்டம் விதித்துள்ளது. தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளிலோ நிருவாகிகள் பலர் நமக்கு அறிமுகமானவரே. ஆசிரியர் மீது குறை தோன்றினால், அந்த அறிமுகத்தைத் துணைகொண்டு மேலிடத்துக்கு ஓடாமல், முதலில் தலைமையாசிரியரிடம் செல்வோம். இரு தரப்பையும் கேட்க அவருக்கு அவகாசமும் தருவோம். அந்த அவகாசம் இல்லாத தலைமையாசிரியர் எத்துணை நல்லவராயினும் நடுநிலை காத்தல் அரிது.