நம் மாவட்டம் தன் காலில் நிற்குமா?

(இராமநாதபுரம் மாவட்ட உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழையும் கண்மாய்களுமே ஆதாரம். மழை பொய்த்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம்? இதை ஒவ்வொரு வீட்டிலும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் குடிநீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 400 மி.மீ. மழை பெய்தால் 20,000 லிட்டர்; கால் பங்கு வீணானாலும் 15,000 மிஞ்சும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 9,125 லிட்டர் போதும். குறை மழையில் இல்லை, தொட்டியில்தான்.

அடுத்தது உணவு. நாளைக்கு 2 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 730 கிலோ; ஏறத்தாழ 1,100 கிலோ நெல். இதை ஒதுக்கிய பிறகே விற்பனை.

மூன்றாவது விதை. இதில்தான் பலர் ஏமாறுகிறோம். புழுதியில் விதைத்த நெல் முளைத்தபின் மழை நின்றால் பயிர் கருகும். கையில் விதை இல்லாதவர் கடன் வாங்குவார்; இல்லையேல் நிலத்தைத் தரிசாக விடுவார். ஆகவே ஏக்கருக்கு 4 கிலோ குதிரைவாலி விதையைத் தனியே காயவைத்துப் பாதுகாத்து வையுங்கள். பின்மழை கிடைத்தால் விதைக்கலாம். சுமார் 90 நாளில் அறுவடைக்கு வரும். தானியம் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு.

தொட்டியும் குதிரும் அவரவர் வீட்டு வேலை. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் கண்மாய் நிறையாது. அதை ஒரு வீடு மட்டும் சரிசெய்ய முடியாது. ஆடி மாதத்திலேயே ஊர் கூடி வரத்துக்கால், மடை, கலுங்கு மூன்றையும் பார்த்துச் சீர்செய்யுங்கள்.