அமெரிக்க மருத்துவ மேற்படிப்பும் ஆய்வுக் கட்டுரைகளும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

எம்.பி.பி.எஸ். முடித்த நம் பிள்ளைகளுள் சிலர், அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் சிறப்பு மருத்துவப் பயிற்சி பெற விழைகின்றனர். அவர்களின் பெற்றோர் நம்மிடம் கேட்பது இதுதான்: "ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை வேண்டும்? ஓராண்டு அங்கு சென்று சம்பளமின்றி ஆய்வு செய்யச் சொல்கிறார்களே, நிலத்தை விற்றாவது அனுப்பலாமா?" குடும்பத்தின் முழுச் சேமிப்பும் இதில் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது.

நம் நாட்டில் நீட் பி.ஜி. மதிப்பெண்ணே இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆய்வு செய்தவரா என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகள் விண்ணப்பத்தைப் படித்து, நேர்காணல் நடத்தி, தாம் விரும்பும் வரிசையைத் தருகின்றன. மாணவரும் தம் வரிசையைத் தருகிறார். இரண்டையும் கணினி பொருத்தி, மார்ச் மாதத்தில் முடிவு வெளியாகிறது. முன்னர் ஸ்டெப் 1 தேர்வின் மதிப்பெண்ணே சல்லடையாக இருந்தது. 2022 ஜனவரி இறுதியிலிருந்து அத்தேர்வில் தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே அறிவிக்கப்படுகிறது. அதனால் ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்ணுக்கும், பரிந்துரைக் கடிதங்களுக்கும், ஆய்வுக்கும் எடை கூடிவிட்டது.

எந்த அளவுக்கு? இப்பொருத்தத்தை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் கணக்கின்படி, நரம்பியல் அறுவைச் சிகிச்சையில் இடம்பெற்ற அமெரிக்க எம்.டி. மாணவர் ஒருவர் காட்டிய ஆய்வுப் பணிகள் 2022இல் சராசரியாக 25, 2024இல் 37. தோல் மருத்துவத்தில் அதே ஆண்டுகளில் ஏறத்தாழ 21, 28. இவ்வெண்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். இவை அனைத்தும் அச்சேறிய கட்டுரைகள் அல்ல. மாநாட்டிற்கு அனுப்பிய சுருக்கம், அங்கு ஆற்றிய உரை, பின்னர் வெளிவந்த கட்டுரை ஆகிய மூன்றும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஒரே ஆய்வு மூன்றாகிவிடும்!

ஆயினும் இத்தகைய துறைகளில், வெளிநாட்டில் பயின்றவர் ஆய்வின்றி நுழைவது மிக அரிது. அங்கே ஒரு துறையில் ஓரிரு ஆண்டுகள் உழைப்பதன் மெய்யான பயன், நம் பிள்ளையை நேரில் அறிந்த பேராசிரியர் எழுதும் கடிதமே. கட்டுரை எண்ணிக்கை அதற்கு அடுத்ததுதான். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றில் நிலைமை வேறு. வெளிநாட்டில் பயின்றோருள் பெரும்பாலோர் இடம்பெறுவது இத்துறைகளில்தான். முதல் முயற்சியிலேயே தேர்ச்சி, நல்ல ஸ்டெப் 2 மதிப்பெண், அமெரிக்க மருத்துவமனையில் சில மாத அனுபவம் ஆகியவையே இங்கு முந்துகின்றன. இதற்காக நிலத்தை விற்று ஆய்வுக்கு அனுப்புவது தேவையற்றது என்பது நம் கருத்து. 2024இல் அமெரிக்கக் குடியுரிமையற்ற வெளிநாட்டுப் பட்டதாரிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேருக்கே இடம் கிடைத்தது என்பதையும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு கட்டுரையில் ஆசிரியர் பெயரைச் சேர்த்துத் தரும் தரகர்கள் பெருகியுள்ளனர். செய்யாத ஆய்வுக்குப் பெயர் வாங்குவது பொய்ச் சாட்சியத்திற்கு ஒப்பானது. நாளை நோயாளியின் உயிரை அமானிதமாகப் பெறவிருப்பவருக்கு இது தகுமா? ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒவ்வோர் அறிவிப்பாளரையும் துருவி ஆராய்ந்ததைப் போல, நேர்காணல் செய்வோரும் விண்ணப்பத்தின் எந்த வரியைப் பற்றியும் கேட்பர். "இதில் உமது பங்கு என்ன?" என்ற ஒரு கேள்வியே போதும், வாங்கிய பெயர் வெளிப்பட்டுவிடும்.

உள்ளூரிலேயே செய்யக்கூடியவை உள்ளன. கல்லூரியில் பயிலும்போதே அரிய நோய்நிலை ஒன்றைப் பேராசிரியருடன் சேர்ந்து எழுதலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராயலாம். இளநிலை மருத்துவ மாணவர்க்கென்றே ஐ.சி.எம்.ஆர். நிறுவனத்தின் எஸ்.டி.எஸ். எனும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அதன் பெயரைக்கூட அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது.

ஆகவே, கல்விக் கடனுதவி கோருவோருக்குத் தேர்வுக் கட்டணத்திற்கே முன்னுரிமை வழங்குமாறு நிர்வாகத்திற்குப் பரிந்துரைத்துள்ளோம். ஆய்வு ஆண்டிற்கு உதவி கேட்போர், சேரவிருக்கும் துறையின் அழைப்புக் கடிதத்தையும், விசா வகை, வழிகாட்டும் பேராசிரியர், தங்கும் செலவு ஆகிய விவரங்களையும் விண்ணப்பத்துடன் இணைத்துப் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.